ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவில்

இன்னும் விழுங்கவில்லை. தாடை இரண்டு முறை அசைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. என் இரண்டு விரலும் வீட்டுக்காரர் தொண்டைமேல் இருக்கின்றன, அந்தக் குமிழ் மேலே ஏறி இறங்க வேண்டும், ஏறி இறங்கினால்தான் அடுத்த ஸ்பூன், அதுவும் பாதி ஸ்பூன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ரெஜினா மேடம் என் விரலைப் பிடித்து என் தொண்டையிலேயே வைத்துக் காட்டினார்கள், எச்சிலை விழுங்குங்க, தெரியுதுங்களா, இதுதான். நாற்பத்தேழு வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன், அப்படி ஒன்று ஏறி இறங்குகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தாடை நெஞ்சைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். வாயில் இருக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. நாலு வாய்க்கு ஒருமுறை ஆ சொல்லச் சொல்லி, குரல் ஈரமாகக் கொழகொழவென்று வந்தால் செருமச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், ஒரு தாளில் பென்சிலால் மூன்று இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்போல. ஏழு நாற்பத்தெட்டு. கிண்ணத்தில் கால்வாசிகூடக் குறையவில்லை. எட்டு இருபதுக்குக் கம்பெனி வண்டி மாகாளியம்மன் கோயில் முக்குக்கு வந்துவிடும். ஏறியது. விரலுக்குக் கீழே மெதுவாக ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கியது. சரிங்க, அடுத்தது.

பத்தொன்பது நாள் லீவுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வேலைக்குப் போகிறேன். போகவேண்டும். நேற்றைக்கு மேனேஜர் சிவபிரகாசம் சார் போன் செய்து, அக்கா, வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட், நீங்க இல்லாம லைன் லைனாவே இல்லீங்க்கா என்றார். முப்பத்திரண்டு தையல் மெஷின் என் பொறுப்பு. மணிக்கு நூற்றிருபது பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கும், பக்கத்திலேயே எத்தனை வந்தது என்று நான் எழுத வேண்டும், குறைந்தால் சிவப்பு மார்க்கர். காலர் வைக்க முப்பத்தெட்டு விநாடி, பட்டன் பட்டிக்கு நாற்பத்தொன்று, ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்து ஆபீசில் இருந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கினாலே எனக்குத் தெரிந்துவிடும், பார்க்க வேண்டாம், சத்தத்திலேயே தெரியும், முப்பத்திரண்டு சத்தத்தில் ஒன்று குறைந்தால் முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும். அந்த ஊர்தல் வீட்டுக்கும் வந்துவிட்டது. பல் தேய்க்கும்போது பாலைப் பற்றவைத்துவிட்டு வருகிறேன். குளிக்கும்போது மனதுக்குள் சட்னி அரைக்கிறேன். நின்றபடியே சாப்பிடுகிறேன், சாப்பிட்டேனா என்று வண்டியில் ஏறியபிறகு யோசிக்கிறேன், நாக்கைப் பல்லில் ஓட்டி உப்பு தட்டுகிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். போன மாதம் மகள் பவதாரிணி ஹாஸ்டலில் இருந்து பேசும்போது, அம்மா, நீ ம்ம் ம்ம்னு சொல்ற, நான் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே ம்ம்ங்கற என்றாள். அதற்கும் ம்ம் என்றேன். இப்போது விரல் என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. வெதுவெதுப்பான தொண்டை, இரண்டு நாள் முள். சவரம் செய்துவிட வேண்டும். எப்போது செய்வது? ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எத்தனையோ வைத்திருக்கிறேன். ஏறியது, இறங்கியது.

இந்த மனுஷன் ஆறு நிமிஷத்தில் சாப்பிட்ட மனுஷன். திருப்பூர், காங்கேயம், திரும்பத் திருப்பூர், இருபத்திரண்டு வருஷம் பிரைவேட் பஸ் ஓட்டினார். காங்கேயம் ஸ்டாண்டில் ஆறு நிமிஷம் நிற்கும், அதற்குள் நாலு இட்லி, ஒரு டீ, ஒரு ஒன்றுக்கு. முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் நடுவில் மூன்று நிமிஷம், அந்த மூன்று நிமிஷத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றிருக்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தான், தட்டில் கை வைத்தால் தெரியாது, எடுத்தால் தெரியும். கல்யாணமான புதிதில் நான் மெதுவாகச் சாப்பிடுவேன், சோற்றைப் பிசைந்து, உருட்டி. என்ன புள்ள, கோழி கொத்தற மாதிரி கொத்திக்கிட்டு என்பார். அப்படிச் சிரித்துச் சிரித்தே என்னையும் வேகமாக்கிவிட்டார். அவர் நாலரைக்குப் போவார், நான் எட்டு இருபதுக்குப் போவேன், நான் வரும்போது அவர் படுத்திருப்பார். இருபத்திநாலு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகளைக் கூட்டினால் ஒரு மாதம் வருமா? தெரியவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்லவேளையாக வண்டியில் இல்லை, பஸ் ஸ்டாண்டில் டீ டம்ளரோடு நின்றிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு போய்ச் சில சொல் மட்டும் திரும்பி வந்தது. விழுங்குவதையும் மறந்துவிட்டார். இரண்டு மாதம் மூக்கு வழியாக ட்யூப். அதை எடுத்த அன்றைக்கு ரெஜினா மேடம் ஒரு சொட்டுத் தேனை நாக்கில் வைத்தார்கள், இவர் அழுதார், நானும் அழுதேன், அழுதுகொண்டே மணி பார்த்தேன். அன்றைக்கு மதியமே கம்பெனிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

ஆ சொல்லுங்க. ஆஆ. இன்னொருக்கா. ஆஆ. சுத்தமாக இருக்கிறது. இருக்கிறதா? லேசாக ஒரு கரகரப்பு. செருமுங்க. செருமுகிறார், தோள் குலுங்குகிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டாலே அந்தத் திங்கட்கிழமை வந்துவிடுகிறது. வேண்டாம் என்றால் நிற்கிறதா, வருகிறது. அன்றைக்கும் இதே நாற்காலி, இதே கிண்ணம், எட்டு பதினெட்டு, கிண்ணத்தில் நாலு ஸ்பூன் மிச்சம். முக்கில் ஹாரன் கேட்டது. நாலு ஸ்பூன்தானே. விரல் தொண்டையில் இல்லை, விரல் சேலை மடிப்பைச் சொருகிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. முழு ஸ்பூன். இருமினார். முதுகைத் தடவினேன், எவ்வளவு நேரம் தடவினேன், ஒரு பட்டன் பட்டி தைக்கிற நேரம். சரியாப் போயிரும்ங்க, பக்கத்து வீட்டு ராஜாமணியக்கா வந்துருவாங்க என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சு வாங்கியது, உதடு நீலம். கஞ்சி நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார் டாக்டர். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. சாப்பிடும்போது அவசரப்படுத்தினீங்களா என்று டாக்டர் கேட்டார், சாதாரணமாகத்தான் கேட்டார், எழுதிக்கொண்டே. இல்லீங்க சார், எப்பவும்போலத்தான் என்றேன். எப்பவும்போல. அது பொய்யுமில்லை. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தாங்க மாட்டாருங்கம்மா என்றார். இவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். கேட்டிருப்பாரா? நான் இல்லை என்று சொன்னதைக் கேட்டிருப்பாரா? பத்தொன்பது நாளாக இந்தக் கேள்வி பாவாடை நாடா மாதிரி இடுப்பில் இறுக்கிக்கொண்டே கிடக்கிறது, அவிழ்த்துப் பார்க்கவும் பயம். யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட. ராஜாமணியக்கா மதியம் ஊட்டுகிறாள், ஒரு மணி நேரம் ஊட்டுகிறாள், வெங்காயம் உரித்துக்கொண்டே, ஒரு வாய், அப்புறம் நாலு வெங்காயம், அப்புறம் ஒரு வாய். அவள் ஊட்டும்போது ஒருநாள்கூட இருமியதில்லை. என்னிடம் மட்டும் ஏன் இருமுகிறீர்கள் என்று ஒருநாள் இவரிடமே கோபப்பட்டேன். வாய் திறந்து கோபப்பட்டேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு ஐந்து. பாதி ஆகியிருக்கிறது. பரவாயில்லை, இன்றைக்கு நன்றாகத்தான் போகிறது. புழுங்கலரிசியைக் குழைய வேகவைத்து மிக்ஸியில் அடித்த கஞ்சி, இட்லி மாவுப் பதம், ஆறிக்கொண்டு வருகிறது, ஆறினால் இறுகும். சுடவைக்க எழுந்தால் இரண்டு நிமிஷம். வேண்டாம். போன் குப்புறக் கிடந்து அதிர்கிறது, ஸ்டூல் மேல் வண்டு மாதிரி நகர்கிறது. சிவபிரகாசம் சாராகத்தான் இருக்கும். நகரட்டும். இவர் போனைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். இடது கண் நன்றாகத் திறக்கிறது, வலது கண் கொஞ்சம் தாமதமாக. ஒண்ணுமில்லீங்க, நீங்க சாப்பிடுங்க. அடுத்த வாய். விரல். ஏறவில்லை. வாயைத் திறக்கிறார். அடுத்தது கேட்கிறார். அட, இன்றைக்குப் பசி போலிருக்கிறது. பாதி ஸ்பூன். மறுபடி வாயைத் திறக்கிறார். ஒரு பாதி ஸ்பூன். மறுபடி திறக்கிறார். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் குதிக்கிறது, எட்டு பதினைந்துக்குள் முடிந்துவிடும், ஓடாமல் நடந்தே போகலாம், ஜன்னல் சீட்டுகூடக் கிடைக்கும். அடுத்த ஸ்பூனை எடுத்துவிட்டேன். உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டேன். ஏறவில்லையே. மூன்று வாய் கொடுத்தேன், விரலுக்குக் கீழே ஒன்றுகூட ஏறவில்லையே. ஸ்பூன் அந்தரத்தில் நிற்கிறது. எங்கே போயிற்று? வாயைத் திறங்க. திறக்கிறார், நாக்கு சுத்தமாக இருக்கிறது, வெள்ளையாக ஒன்றுமில்லை. இன்னும் நல்லாத் திறங்க. திறக்க மாட்டேன் என்கிறார். உதட்டை இறுக்குகிறார். சின்னக் குழந்தை மண்ணைத் தின்றுவிட்டு இறுக்குமே, அப்படி. வலது கன்னம் லேசாக உப்பியிருக்கிறது. விரலை உள்ளே விட்டேன். செத்துப்போன அந்தப் பக்கத்துக் கன்னத்துக்குள், பல்லுக்கும் சதைக்கும் நடுவில், மூன்று வாய்க் கஞ்சியையும் அப்படியே அடக்கி வைத்திருக்கிறார்.

வழித்து வழித்துத் துண்டில் துடைத்தேன். என்னுங்க இது, ஏனுங்க இப்படிப் பண்றீங்க, உள்ளே போனா என்னாகும், டாக்டரு என்ன சொன்னாரு? சத்தம் போட்டுவிட்டேன். அவர் இடது கையைத் தூக்கினார். வாசலைக் காட்டினார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அப்புறம் என்னைக் காட்டினார். போ, என்றார். வருகிற சில சொல்லில் அது ஒன்று. போ. வண்டி. நான் வண்டிக்குப் போகவேண்டும் என்று. கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, விழுங்கிவிட்ட மாதிரி எனக்கு வாயைத் திறந்து திறந்து காட்டியிருக்கிறார். நான் போனபிறகு என்ன செய்வதாக இருந்தாராம், மெல்ல மெல்ல விழுங்குவதாகவா, துப்புவதாகவா, யாருக்குத் தெரியும், அந்தத் தலைக்குள் இப்போது எதை எப்படிக் கோத்துக்கொள்கிறார் என்று யாருக்குத் தெரியும். எனக்கு ஒன்று மட்டும் தோன்றியது. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனுங்க, அன்னைக்கும் இப்படித்தானுங்களா? அந்தத் திங்கக்கிழமை? அவர் தலையை ஆட்டினார், ஆம் என்று. நாலு வாய் கொடுத்தனே, அதுக்கு முன்னாடியே வாயில இருந்துச்சுங்களா? ஆட்டினார். எத்தனை நாளா? இடது கையை விரித்தார், விரித்து அப்படியே வைத்திருந்தார், எண்ணிக்கை இல்லை, நிறைய என்று.

அழுகை வரவில்லை. களைப்பு வந்தது. இத்தனை நாள் எங்கேயோ நின்றுகொண்டிருந்த களைப்பு, வீடு இதுதான் என்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தது. நான் ஒருத்திதான் செய்தேன் என்று நினைத்திருந்தேன். இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து செய்திருக்கிறோம். நான் கடிகாரத்தைப் பார்க்க, நான் பார்ப்பதை அவர் பார்க்க, பேச்சு இல்லாத மனுஷன் என் கண்ணைத்தானே பார்த்துக்கொண்டிருப்பார், வேறு என்ன வேலை. பஸ்ஸில் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவாரே, அப்படி என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார். டாக்டர் கேட்டாருங்க, அவசரப்படுத்தினீங்களான்னு. இல்லைன்னு சொன்னேன். நான் பொய் சொன்னேனுங்க. சொல்லிவிட்டேன். நாடா அவிழ்ந்துவிட்டது. அவர் முகத்தில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை, வாயின் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது, தெரியும் என்கிற மாதிரி. கேட்டிருக்கிறார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார்.

முக்கில் ஹாரன் அடித்தது. இரண்டு தரம். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று தீர்மானம் செய்து அப்படிச் செய்யவில்லை, உண்மையைச் சொன்னால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டி ஒரு நிமிஷம் நிற்கும், எனக்காகப் பலநாள் நின்றிருக்கிறது. கியர் மாறுகிற சத்தம், பிறகு கிழக்குப் பக்கம் போகிற சத்தம், பிறகு எதிர்வீட்டில் யாரோ துணி அலசுகிற சத்தம். இவர் பதறி, போ, போ என்றார். போயிருச்சுங்க என்றேன். போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தேன்.

"அக்கா, வண்டியில ஏறலைன்னு டிரைவர் சொல்றாரு. எங்க இருக்கீங்க?"

"வீட்டுல சார். அவருக்குச் சாப்பாடு குடுத்துட்டு இருக்கேன்."

"முடிச்சுட்டு ஆட்டோ புடிச்சு வந்துருங்க்கா. ஒன்பதுக்குள்ள வந்தாப் போதும்."

"இன்னைக்கு வர முடியாதுங்க சார். நாளையில இருந்து பத்து மணிக்கு வர்றேன். தினமும் பத்து மணிக்குத்தான் வர முடியும்."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டது. முப்பத்திரண்டும் ஓடவில்லை, இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

"அக்கா, பத்து மணிக்கு வந்தா லைனை எப்படிப் பார்ப்பீங்க? எட்டரைக்கு லைன் ஓடணுமே."

"லைன் வேண்டாமுங்க சார். சத்யபாமாகிட்ட குடுங்க, அவளுக்கு எல்லாம் தெரியும். என்னைச் செக்கிங் டேபிள்ல போடுங்க. பத்து மணிக்குச் செக்கிங்குக்கு ஆள் வர்றாங்கல்ல, அதுல ஒரு ஆளா வர்றேன்."

"பதினோரு வருஷம் சூப்பர்வைசரா இருந்துட்டு, செக்கிங்குக்கா? கோபத்துல பேசாதீங்க்கா. யோசிச்சுச் சொல்லுங்க."

"கோபமில்லீங்க சார்" என்றேன். இல்லைதான். தேடிப் பார்த்தேன், கோபம் இல்லை. "யோசிக்கறதுக்கும் சேர்த்துத்தான் நேரம் கேட்கறேன்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது, நல்ல மனுஷர், அவருக்கும் மேலே யாரோ ஸ்டாப் வாட்சோடு நிற்கிறார்கள். சத்யபாமாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். வைத்துவிட்டேன். பயம் வந்தது. சத்யபாமாவுக்குக் கீழே நான், அவளுக்கு ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்ததே நான், நாளைக்கு அவள் என் பக்கம் வந்து என்னக்கா லேட்டா என்பாளா, மாட்டாள், மனதுக்குள் நினைப்பாள், நினைக்கட்டும், நினைக்கட்டும் என்றால் போய்விடுகிறதா, அது ஒரு பக்கம் குத்திக்கொண்டேதான் இருந்தது. குத்தலோடேயே எழுந்து கஞ்சியைச் சுடவைத்தேன். அடுப்பின் முன்னால் நின்றேன். வேறு எதையும் எடுக்கவில்லை, கழுவவில்லை, துடைக்கவில்லை. கஞ்சி கொதிப்பதை இதற்கு முன் பார்த்திருக்கிறேனா? நடுவில் ஒரு குமிழ் வந்து, யோசித்து, உடைந்தது. கொண்டுவந்து ஊட்டினேன். அவர் இன்னும் கடிகாரத்தைப் பார்த்தார். அது உங்களுக்கில்லீங்க என்றேன். ஒரு வாய். விரல். காத்திருந்தேன். மனது முன்னால் ஓடப் பார்த்தது, ஓடிப்போய் ஒன்றுமில்லாத இடத்தில் முட்டித் திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. ஏறி இறங்கியது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், காலி. அடுத்தது. கிண்ணம் முடிந்தபோது ஒன்பதோ ஒன்பது பத்தோ.

சாப்பிட்டதும் படுக்க வைக்கக் கூடாது, அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தில் நான் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. ஸ்டூலை நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தட்டில் இரண்டு இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். சட்னியில் புளி தூக்கலாக இருந்தது, எத்தனை நாளாக இப்படித்தான் வைக்கிறேனோ. கையைக் கழுவிவிட்டு வந்து, அவர் கை வைத்திருந்த நாற்காலிக் கையின்மேல் தலையைச் சாய்த்தேன், கொஞ்ச நேரம், அரைமணி ஆகும்வரை. அவர் இடது கை, உயிருள்ள கை, என் கன்னத்துக்குக் கீழே சூடாக இருந்தது. எழுந்து துணி ஊறவைக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது வெயில் கட்டில் காலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. வாசலில் ராஜாமணியக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல், எப்போது வந்தாளோ. நான் அசைந்ததும் திரும்பி, "பதினொண்ணே கால் ஆச்சு அம்மிணி" என்றாள். "படுக்க வைக்கட்டுமான்னு கேட்டேன், கூடாதுன்னு தலையாட்டிட்டாரு." தலையைத் தூக்கினேன். அவர் அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், இரண்டு மணி நேரமாக. முதுகுத் தலையணை சரிந்து கீழே கிடந்தது. உதடு காய்ந்திருந்தது. இடது கையை நான் எழுந்தபிறகும் அவரால் எடுக்க முடியவில்லை, மரத்துப்போயிருந்தது, புறங்கையில் என் கம்மல் பதிந்து சிவந்திருந்தது. அதை எடுத்து என் மடியில் வைத்துத் தேய்த்தேன். எழுப்பறதுதானுங்க, இப்படியா உட்கார்ந்திருப்பீங்க? அவர் வாய் அசைந்தது. ஏதோ சொல்ல வந்தார். இந்த மாதிரி நேரத்தில் தண்ணியா, பாத்ரூமா, வலிக்குதா என்று நானே நாலு சொல்லை எடுத்துப் போட்டு ஒன்றைத் தலையாட்ட வைத்துவிடுவேன். இன்றைக்கு என் வாயில் ஒன்றும் வரவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் உதட்டைக் குவித்தார், விட்டார், மறுபடி குவித்தார். ராஜாமணியக்கா உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"இன்னும்" என்றார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "இன்னும்... கொஞ்சம்... தூங்கு."